மலையில் மட்டும் ஊளையிட்ட ஜீப்

போன வாரம் நண்பன் ஒருவன் போனில் கேட்டான்: "பழைய டீசல் ஜீப் ஒண்ணு மலிவா வருதுடா. கிளட்ச்ல மட்டும் லேசா சத்தமாம். எடுக்கலாமா?" கிளட்ச்சில் மட்டும் லேசாகச் சத்தம்! எனக்கு வயிறு எரிந்தது.

ஒன்பது வருடமாக 1996 மாடல் ஒன்றை வைத்திருக்கிறேன். நாலு கியர், ஃபோர் வீல். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டம் வரை வாரத்துக்கு இரண்டு நடை. மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. நியூட்ரலில் நிற்கும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுவதுபோல் ஒரு கரகரப்பு. கிளட்ச் பெடலை மிதித்தால் நின்றுவிடும்.

"மிதிச்சா நிக்குதுல்ல, அப்ப கிளட்ச்தான்" என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். பிளேட், பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றி 14,000 ரூபாய் வாங்கினார்கள். நாலு ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக்காட்டினார்கள், சத்தமே இல்லை. மறுநாள் மலை ஏறினேன். 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில் ஒரே ஊளை. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், "தம்பி, வண்டி அழுவுது" என்றார்.

ஒர்க்‌ஷாப்காரர்கள் மீதும் முழுத் தப்பு சொல்ல முடியாது. ரிலீஸ் பேரிங்கைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஆடினாலும் பெடலைத் தொட்டதும் சத்தம் நிற்கும். ஆனால் அது கால் வைத்த உடனே நிற்கும். என் வண்டியில் பெடலை அடிவரை மிதித்த பிறகு, ஓரிரு நொடி உருண்டு உருண்டுதான் அடங்கியது. கியர் பாக்ஸுக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஷாஃப்ட் மெல்ல நிற்கிற சத்தம் அது. அந்த இரண்டு நொடியைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் 14,000 மிச்சம்.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு வயதான மெக்கானிக். பானட்டைத் திறக்கவே இல்லை. "நாலாவது கியர்ல ஊளை இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன், இல்லை. அதனால்தான் சமவெளியில் நாலாவதில் ஓட்டிக்காட்டியவர்களுக்கு அது கேட்கவில்லை. நாலாவதில் எஞ்சின் இழுவை நேராகப் பின்னால் போய்விடும், கியர் பாக்ஸுக்குள் கீழே இருக்கும் துணைத் தண்டான லே ஷாஃப்ட் சும்மா சுற்றும். மற்ற மூன்று கியரிலும் பாரம் முழுக்க அதன் தலையில்தான். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைக் கியர் பாக்ஸில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுத் தலையாட்டினார். ஆயிலை வடித்தபோது மீன் செதில் மாதிரி மினுமினுவென்று இரும்புத் துகள். மாவாக வந்தால் பயமில்லை, செதிலாக வந்தால் பேரிங் போச்சு என்றார். லே ஷாஃப்ட் பேரிங்கை மாற்றியதும் ஊளை நின்றது. கிளட்ச்சுக்காக ஒருமுறை இறக்கிய கியர் பாக்ஸை இரண்டாவது முறை இறக்கிய கூலிதான் வலித்தது.

பெடலை மிதிக்கும்போது கீச்சென்றால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இருந்தால் அது சீக்கிரமே வரும், எனக்கு இருந்தது. ஓடும்போது நியூட்ரலில் விட்டு, பெடலை மிதித்தும் உறுமல் தொடர்ந்தால் பெரும்பாலும் கியர் பாக்ஸை விட்டுவிடலாம். இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன் பல்சக்கரம் பக்கம் பார்க்க வேண்டும்.

மற்றபடி வண்டியைக் குறை சொல்ல வாய் வராது. ஆனி மழைச் சேற்றில் புது வண்டிகள் பரிதாபமாக நிற்கும்போது இது மூட்டையோடு ஏறிப் போகும். எந்த மூலையிலும் சாமான் கிடைக்கும். நடுவழியில் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

இருந்தாலும் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். முந்தின நாளிலிருந்து என் வண்டி மூன்றாவது கியரில் ஏதோ முனகிக்கொண்டிருந்தது, அந்தக் கடுப்பு. கேட்க மாட்டான் என்று தெரியும். அதனால் இன்னொன்றும் சொல்லிவைத்தேன்: "காலையில போய், முதல்ல பானட் மேல கை வச்சுப் பாரு. நீ வர்றதுக்கு முன்னாடியே எஞ்சினைச் சூடு பண்ணி வச்சிருந்தா, எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம், டீ மட்டும் குடிச்சிட்டு வந்திரு."