ஏபிஎச்ஏ மெம்பர்ஷிப் எடுக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு: ஜர்னல அப்புறம் பாருங்க, மொதல்ல பைலாஸ (சங்கத்தோட விதிகள) பாருங்க

தண்ணி டெஸ்ட் லேப்ல வேல பாக்குறவங்க பாதி பேரு ஏபிஎச்ஏன்னா ஏதோ புக்கு பேருன்னுதான் நெனச்சிட்டிருக்காங்க, ரிப்போர்ட்ல டெஸ்ட் மெத்தட்ங்கிற கட்டத்துல "ஏபிஎச்ஏ 23வது எடிஷன்"னு அடிச்சு அடிச்சு அப்படி ஆயிடுச்சு. அது அமெரிக்கன் பப்ளிக் ஹெல்த் அசோசியேஷன், 1872ல ஸ்டீபன் ஸ்மித்ங்கிற டாக்டரும் அவரோட ஆளுங்களும் சேர்ந்து நியூயார்க்ல ஆரம்பிச்ச சங்கம். ரிப்போர்ட்ல நாம எழுதுறது அவங்க போடுற தண்ணி டெஸ்ட் புக்கு, அது 1905ல மொத எடிஷன், இப்ப தண்ணி துறை சங்கங்கள் ரெண்டோட சேந்து போடுறாங்க. ஜர்னல் 1911ல இருந்து வருது, நல்ல ஜர்னல்தான், அதப்பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல.

மெம்பர்ஷிப் எடுக்குறவங்க எல்லாரும் கேக்குறது கான்ஃபரன்ஸ் டிஸ்கவுண்ட் எவ்ளோ, ரெஸ்யூமேல போட்டா மதிப்பு இருக்கான்னு. நான் பாக்குறது வேற: இந்த சங்கம் என் பேரச் சொல்லி அரசாங்கத்துகிட்ட ஒண்ணு பேசுதுன்னா அத யாரு முடிவு பண்றது, நான் வேணாம்னு சொல்ல வழி இருக்கா. இந்த ஒரு விஷயத்துல ஏபிஎச்ஏக்கு தாராளமா அஞ்சு ஸ்டார் குடுப்பேன்.

எப்படின்னா, பாலிசி ஸ்டேட்மென்ட்னு, அதாவது ஒரு விஷயத்துல சங்கத்தோட நிலைப்பாடு இதுதான்னு அவங்க வெளியிடுறது எதையும் தலைவரோ ஆபீஸ்ல இருக்குறவங்களோ உக்காந்து எழுதி கையெழுத்து போட்டு அனுப்பிட முடியாது. மெம்பர்ங்க ட்ராஃப்ட் எழுதணும், ஒரு கமிட்டி ஆதாரம் சரியா இருக்கான்னு பாத்து திருத்தச் சொல்லும், மத்த மெம்பர்ங்க கமெண்ட் போடுவாங்க, வருஷாந்திர கூட்டத்துல பொதுவுல வச்சு விசாரிப்பாங்க, அதுக்கப்புறம் கவர்னிங் கவுன்சில்ல ஓட்டு. அந்த கவுன்சில்ல உக்காருறவங்க துறைவாரியா பிரிச்ச செக்‌ஷன் மெம்பர்ங்க தேர்ந்தெடுத்து அனுப்புனவங்களும் மாநில சங்கங்களோட பிரதிநிதிகளும். இதெல்லாம் பேப்பர்லதான் இருக்கும்னு நெனச்சா, போலீஸ் வன்முறைய பொது சுகாதாரப் பிரச்சனையா பாக்கணும்னு ஒரு ஸ்டேட்மென்ட் வந்துச்சே அத எடுத்துக்கோங்க. 2016ல அவசரத் தீர்மானமா தற்காலிகமா பாஸ் ஆச்சு, 2017ல முழு வடிவத்துல வந்தப்ப கவுன்சில் முடியாதுன்னு தள்ளிடுச்சு, எழுதுனவங்க விடாம திருத்தி 2018ல திரும்ப கொண்டாந்து பாஸ் பண்ண வச்சாங்க. அந்த கருத்து உங்களுக்கு புடிக்குதோ புடிக்கலையோ அது வேற பேச்சு, ஆனா ஒரு சங்கத்துல ஒரு தீர்மானம் தோக்கவும் முடியுது, தோத்தவன் முறையா திரும்பி வரவும் முடியுது பாருங்க, அதான் எனக்கு வேணும். 1948ல இருந்து போட்ட ஸ்டேட்மென்ட் எல்லாம் சைட்ல கெடக்கு, காலாவதியானத அப்பப்ப ரிவ்யூ பண்ணி ஆர்க்கைவ்ல தள்ளுறாங்க.

அடுத்தது காசு. அமெரிக்கால இந்த மாதிரி வரிவிலக்கு வாங்குன சங்கங்க வருஷா வருஷம் படிவம் 990 போடணும், அது பொது ஆவணம், யாரு வேணா எறக்கிப் படிக்கலாம். பெரிய பொறுப்புல இருக்குறவங்க சம்பளம் எவ்ளோ, போர்டுல எத்தன பேர் சுயேச்சையானவங்க, சொந்த லாபமும் சங்க வேலையும் மோதுனா என்ன பண்ணணும்னு எழுத்துல விதி இருக்கா, உள்ள நடக்குற தப்ப வெளிய சொல்றவனுக்கு பாதுகாப்பு இருக்கா, கூட்டத்துல பேசுனத மினிட்ஸா எழுதி வைக்குறாங்களா, எல்லாம் அதுல கேள்வியாவே இருக்கு. சட்டத்துக்காகத்தான் பண்றாங்கன்னு சொல்லலாம், பண்ணட்டுமே!

இங்க நான் மெம்பரா இருக்குற ஒரு சங்கம் இருக்கு, பேரு வேணாம். நம்ம ஊர்லயும் 1975ம் வருஷ சங்கங்கள் பதிவுச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, வருஷத்துக்கு ஒருதடவ பொதுக்குழு கூட்டியே ஆகணும். கூட்டுறாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா லஞ்சுக்கு முன்னாடி பத்து நிமிஷத்துல வரவு செலவ வாசிச்சு எல்லாரும் கை தட்டி முடிச்சிடுவாங்க, கான்ஃபரன்ஸுக்கு எந்த கம்பெனி எவ்ளோ ஸ்பான்சர் பண்ணுச்சுன்னு எழுந்து கேட்டா "சார் அப்புறமா பேசிக்கலாம்"பாங்க, அந்த அப்புறம் இன்னும் வரல. சந்தா மட்டும் கரெக்டா ஏப்ரல்ல கேப்பாங்க.

சரி ஏபிஎச்ஏ ஒண்ணும் சொக்கத்தங்கம் இல்ல. தலைவர் எலெக்‌ஷன்ல எல்லா மெம்பரும் நேரா ஓட்டு போட முடியாது, கவுன்சில்தான் தேர்ந்தெடுக்குது. தலைவரும் ஒரே வருஷம்தான், முன்னாடி ஒரு வருஷம் அடுத்த தலைவர்னும் பின்னாடி ஒரு வருஷம் முன்னாள் தலைவர்னும் போர்டுல இருப்பாங்க. ஆனா சம்பளத்துல இருக்குற எக்சிக்யூட்டிவ் டைரக்டர் நாற்காலில ஜார்ஜஸ் பெஞ்சமின் 2002 டிசம்பர்ல உக்காந்தவரு இருவது வருஷத்தையும் தாண்டி இருந்தாரு. மனுஷன் நல்ல பேரு எடுத்தவரு, அதுல சந்தேகமே இல்ல, இருந்தாலும் ஓட்டு வாங்கி வர்றவங்க வருஷத்துக்கு ஒருத்தரா மாறிக்கிட்டே இருக்க ஆபீஸ் தலைமை மட்டும் அப்படியே இருந்தா எல்லா பழைய விஷயமும் தெரிஞ்ச ஒரே ஆள் கைக்குத்தான் பலம் போகும், எந்த சங்கமா இருந்தாலும் அந்தப் பதவிக்கு ஒரு கால வரம்பு வேணும்ங்கிறது என் கருத்து. அப்புறம் இந்த பாலிசி வேலை ரொம்ப மெதுவு, ஒரு தீர்மானத்துக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம், அவசரத்துக்குன்னு தனி வழி இருக்கு ஆனா அது தற்காலிகம்தான். அடுத்த வருஷம் மொதல்ல இருந்து வரணும். சென்னைல உக்காந்துட்டு இருக்குறவனுக்கு இன்னொரு சிக்கல், அசல் விவாதம் நடக்குறது வருஷாந்திர கூட்டத்துல, அதுக்கு விசா ஃப்ளைட்டுன்னு போகணும்.

மொத்தத்துல நாலு ஸ்டார். கான்ஃபரன்ஸ் டிஸ்கவுண்டுக்காக எடுக்குறதா இருந்தா இங்க இருந்து கட்டுபடியாகாது. பாலிசி எழுதுறதுல ஆர்வம் இருக்குறவங்க, எம்பிஎச் (பொது சுகாதார முதுகலை) படிக்கிற பசங்க எடுக்கலாம், ஸ்டூடண்ட் ரேட்டு தனியா கம்மியா இருக்கு. சேரும்போது செக்‌ஷன் கேப்பாங்க, லேப் ஆளுங்களா இருந்தா என்விரான்மென்ட் செக்‌ஷன் போடுங்க. பாலிசி ஸ்டேட்மென்ட்ஸ படிக்க மெம்பர் ஆகணும்னு கூட இல்ல, ரெண்டு மூணு சும்மா படிச்சு பாத்துட்டு அப்புறம் காசு கட்டுங்க.