கொழுந்து நிறுவையும் ஆர் மென்பொருளின் குவாண்டைல் கட்டளையும்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிரிவொன்றின் கொழுந்துக் கணக்கைக் கொண்டு, ஆர் என்னும் புள்ளிவிபரவியல் மென்பொருளின் குவாண்டைல் கட்டளையைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நிறைகளை ஏறுவரிசையில் வைத்தால், 0.3 போன்ற ஒரு பங்கு எந்த நிறைக்குள் அடங்குகிறது என்று சொல்வதே குவாண்டைல். ஒரு நிகழ்தகவுப் பரம்பலின் பின்னகப் பகுதியையும் (தனிப் புள்ளிகளில் குவிந்து நிற்பது) தொடர் பகுதியையும் (எங்கும் குவியாமல் பரவியிருப்பது) பிரித்தெடுக்க அக்கட்டளை உதவுமா என்பதே என் கேள்வி. உதவுகிறது, ஆனால் அது தானாகத் தரும் விடையை அப்படியே ஏற்பதற்கில்லை.

கேள்வி பிறந்த இடம் கொழுந்தை நிறுக்கும் மடுவம். முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ வேண்டும், குறைந்தால் அரைப்பேர்தான் என்பதால், 17 கிலோவைத் தாண்டியவர்கள் நிரையில் இன்னும் இரண்டு கை பறித்தோ, பக்கத்து நிரைக்காரியிடம் ஒரு பிடி வாங்கியோ எப்படியும் 18ஐத் தொட்டுவிடுகிறார்கள். மற்ற நிறைகள் தொடர்ச்சியாகப் பரவியிருக்க, இந்த ஒரு புள்ளியில் மட்டும் குவியல் நிற்கிறது. குவாண்டைல் சார்பை வரைந்தால் குவியல் கிடைக்கோடாகத் தெரியும். அக்கோட்டின் நீளமே அப்புள்ளியின் நிகழ்தகவு. (சார்பு செங்குத்தாகத் தாவும் இடம் வேறு, அங்கே நிறைகளே இல்லை என்று பொருள்.)

பத்துப் பேரின் நிறைகள் 13.2, 15.1, 16.4, 18, 18, 18, 18, 20.3, 21.6, 24.5 என்று வைத்துக்கொள்வோம். 18இன் பங்கு 0.4 என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் கட்டளையை வெறுமனே கொடுத்தால் மென்பொருள் தன்னிடமுள்ள ஒன்பது கணிப்பு வகைகளில் ஏழாம் வகையைக் கையாண்டு, அடுத்தடுத்த நிறைகளுக்கிடையே நேர்கோடு போட்டுவிடுகிறது. அதனால் கிடைக்கோட்டின் நீளம் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது, 0.3க்குரிய விடையோ 17.52 கிலோ, அதாவது எவருடைய கூடையிலும் இல்லாத நிறை. முதலாம் வகையைக் கேட்டால் 0.3க்கு 16.4 வருகிறது, கிடைக்கோடும் சரியாக 0.4 நீளம் நிற்கிறது. இந்த ஒன்பது வகைகளும் 1996இல் ஹைன்ட்மன், ஃபேன் என்ற புள்ளிவிபரவியலாளர்கள் தொகுத்தவை. முதல் மூன்று மட்டுமே படிப்படியாகத் தாவுபவை, நமக்கு அவையே தேவை. இந்த எச்சரிக்கை உதவிப் பக்கத்தின் முதல் வரியிலேயே இருந்திருக்கலாம்.

தசமணைகள் (0.1, 0.2 என 0.9 வரையான குவாண்டைல்கள்) மட்டும் கையிலிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முதலாம் வகையில் 0.4 முதல் 0.7 வரை 18 என்று வந்தால், குவியல் குறைந்தது 0.3 என்றும் 0.5ஐ எட்டாது என்றும் மட்டுமே சொல்ல முடியும். முழுத் தரவும் இருந்தால் அந்த 0.4 நீளத்தை வெட்டி நீக்கி, எஞ்சியதை 0.6ஆல் வகுத்து மறுபடி 0 முதல் 1 வரை விரித்தால் தொடர் பகுதியின் குவாண்டைல் கிடைக்கிறது. இதற்குத் தனிக் கட்டளை தேவையில்லை, இரண்டு வரி போதும்.

விலை கிடையாது, பழைய மடிகணினியிலும் ஓடுகிறது. ஆனால் தராசு முழுக் கிலோவுக்கே காட்டினால் ஒவ்வொரு நிறையும் குவியலாகிவிடும். அது பேருக்காகச் சேர்ந்த குவியலா, தராசு உருவாக்கியதா என்று எந்த வகையும் சொல்லாது, மடுவத்துக்குப் போய்த் தராசைப் பார்க்க வேண்டும்.