கம்ப்யூட்டர் குரூப்பிலிருந்து மருத்துவம்: மூன்று வழிகளில் எது தேறும்?

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதுதான் சில பிள்ளைகள் வீட்டில் வாயைத் திறக்கிறார்கள்: "எனக்கு இன்ஜினியரிங் வேண்டாம், டாக்டருக்குப் படிக்கணும்." எடுத்திருப்பதோ கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் செம்பருத்திப் பூவை பிளேடால் நெடுக்காகப் பிளந்து ரெக்கார்டு நோட்டில் வரைந்த நேரத்தில், இவர்கள் லேபில் சி பிளஸ் பிளஸ் எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

முன்பெல்லாம் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் விதியைத் தளர்த்தியது. பிளஸ் டூ முடித்த பிறகு அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம். ஆக, இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, மறுபடி பிளஸ் ஒன்னில் பயோ மேத்ஸ் குரூப்பில் சேருவது. பிளஸ் ஒன் தொடங்கிய சில வாரங்களில் மனம் மாறியிருந்தால் தலைமையாசிரியரிடம் பேசி குரூப்பை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. பிளஸ் டூவில் இருப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. படித்த இயற்பியலையும் வேதியியலையுமே திரும்பப் படிக்க இரண்டு வருடம் போகும். ஜூனியர்களோடு உட்காரும் சங்கடம் தனி.

இரண்டாவது வழி, பிளஸ் டூவை முடித்துவிட்டு தேசிய திறந்தநிலைப் பள்ளியில் உயிரியலை மட்டும் எழுதுவது. ஒரே ஒரு பாடத்துக்கும் அங்கே பதிவு செய்யலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு; எப்போது பதிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எந்தத் தேர்வு என்பது முடிவாகும். செய்முறைத் தேர்வும் உண்டு, மறந்துவிடாதீர்கள்.

பலர் இதைச் சுலபமான குறுக்குவழி என்று நினைக்கிறார்கள். திறந்தநிலைப் பள்ளித் தேர்வில் தேறுவது பெரிய காரியமில்லைதான். சிக்கல் நீட்டில் இருக்கிறது. மொத்தம் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360. 180 கேள்விகளில் 90. மற்றவர்கள் இரண்டு வருடம் ஊறிய தாவரவியலையும் விலங்கியலையும் நீங்கள் ஒரே வருடத்தில் கரைத்துக் குடிக்க வேண்டும். வரி வரியாகப் படித்து நினைவில் நிறுத்தும் பாடம் அது. கணக்குப் போட்டுப் பழகிய பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் சாதகமும் உண்டு. உயிரியல் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இயற்பியல் கணக்குகளில். கணித குரூப்பில் நன்றாகப் படித்தவருக்கு நீட்டில் இயற்பியலுக்கு உள்ள 180 மதிப்பெண் கைகொடுக்கும். இன்னொன்று, கணித மதிப்பெண் கையில் இருப்பதால் 200-க்குக் கணக்கிடும் இன்ஜினியரிங் கட் ஆஃப் எங்கும் போகாது. அதனால் இப்போதே பிளஸ் டூ புத்தகத்தை மூடிவிட்டு நீட் கோச்சிங்குக்கு ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பொதுத்தேர்வை ஒழுங்காக எழுதுங்கள், உயிரியல் அப்புறம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள், 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்த வழியில் தங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவத் தேர்வுக் குழுவிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

மூன்றாவது வழி, குரூப்பை மாற்றாமலேயே மருத்துவத் துறைக்குள் போவது. பி.ஃபார்ம் படிக்க இயற்பியல், வேதியியலோடு கணிதமோ உயிரியலோ இருந்தால் போதும். பயோமெடிக்கல் இன்ஜினியரிங்குக்கும் கணிதமே வழிவிடும். பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி கிடையாது; அவற்றுக்கு உயிரியல் வேண்டும்.

சரி, எதை எடுப்பது? பிள்ளையிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: நோயாளியைப் பார்க்கும் வேலையா வேண்டும், மருந்து, கருவி என்று மருத்துவம் சார்ந்த வேலை எதுவானாலும் சரியா? எதுவானாலும் சரி என்றால் மூன்றாம் வழியில் ஒரு வருடம்கூட வீணாகாது. நோயாளியைப் பார்க்கும் வேலைதான் என்று பிடிவாதமாக நின்றால் கூடுதல் பாடம்தான் வழி; ஆனால் இயற்பியலிலும் வேதியியலிலும் இப்போதே தட்டுத் தடுமாறும் பிள்ளைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். அந்த இரண்டையும் உயிரியலையும் ஒரே வருடத்தில் தூக்கி நிறுத்துவது நடக்கிற காரியமில்லை. எதை எடுத்தாலும், ரிப்பீட்டராக எத்தனை வருடம் உட்காரலாம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். நீட்டுக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு எதுவும் இல்லை.