அத்தையும் ராஃபிள்ஸ் ஹோட்டலும்

சிங்கப்பூரில் இத்தனை வருடம் இருந்தும் ராஃபிள்ஸ் ஹோட்டலுக்குள் நான் போனதில்லை, போன வாரம் மதுரையிலிருந்து அத்தை வந்ததால்தான் அந்த வாசலையே மிதித்தேன். ஹோட்டல் இருப்பது பீச் ரோட்டில். "பீச் ரோடுங்கிறே, கடலைக் காணோமே?" என்றார். நியாயமான கேள்விதான். 1887இல் ஆர்மீனியர்களான சார்க்கிஸ் சகோதரர்கள் ஒரு பழைய பங்களாவில் பத்து அறைகளோடு ஆரம்பித்தபோது எதிரிலேயே கடல், அப்புறம் மண்ணைக் கொட்டித் தூர்த்ததில் அது தள்ளிப் போய்விட்டது. இப்போதுள்ள வெள்ளை மாளிகை 1899இல் எழுந்தது.

புலிக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1902இல் பக்கத்தில் நடந்த விலங்குக் காட்சியிலிருந்து தப்பி வந்த புலியை பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் சுட்டார்கள் என்று அளப்பார்கள், உண்மையில் அது பதுங்கியது தூண்கள் மேல் தூக்கிக் கட்டியிருந்த பில்லியர்ட்ஸ் அறைக்குக் கீழே.

1987இல் ஹோட்டல் தேசிய நினைவுச்சின்னமானது. 1989இல் மூடி 1991இல் திறந்தார்கள், மறுபடி 2017 கடைசியில் மூடி 2019இல். இரண்டு முறை புதுப்பித்தும் பழைய களை போகவில்லை, தேக்கு மரப் படியில் கைவைத்தாலே தெரிகிறது.

ஹோட்டலின் மதுக்கூடமான லாங் பாரில் வேர்க்கடலைத் தோலைத் தரையிலேயே போடலாம், அதுதான் அங்கே வழக்கம். சிங்கப்பூர் ஸ்லிங் என்ற காக்டெயில் பிறந்ததும் இங்கேதான், விலை பார்த்துக் கேளுங்கள். அத்தைக்குத் தரையில் போட மனசே வரவில்லை, தோலையெல்லாம் டிஷ்யூவில் பொட்டலம் கட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.