ஏபிசி ஐடி: காலேஜ் மாற நினைப்பவருக்கு எவ்வளவு உதவும்?

சேர்ந்த காலேஜ் பிடிக்கவில்லை என்றால் "ஏபிசி ஐடி இருக்கே, கிரெடிட்டை எடுத்துக்கிட்டுப் போயிடலாம்" என்ற பேச்சு மாணவர்களிடம் சுற்றுகிறது. ஏபிசி, அதாவது அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021-ல் தொடங்கிய இலவசச் சேவை. ஒவ்வொரு தாளிலும் தேறும்போது கிடைக்கும் புள்ளிதான் கிரெடிட். படித்துத் தேறிய தாள்களின் கணக்கைக் காட்டும் பாஸ்புக் என்ற அளவில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் எந்தக் காலேஜிலும் சீட் வாங்கித் தராது.

கணக்குத் திறப்பது சுலபம். ஆதாரோடு இணைத்த செல்போன் எண்ணால் அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கருக்குள் நுழைந்து, ஏபிசி அல்லது அபார் (மாணவர் அடையாள எண்) என்று தேட வேண்டும். பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆதாரிலிருந்து தானாக வந்துவிடும். சேர்ந்த ஆண்டு, பதிவு எண், நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை நாம் கொடுத்தால் 12 இலக்க எண் கிடைக்கும். பள்ளியிலேயே அபார் எண் வாங்கியவர்கள் இன்னொன்று எடுக்கக் கூடாது; ஒருவருக்கு ஒரே எண்தான். நிறுவனம் என்ற இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இணைப்புக் கல்லூரியில் படித்தாலும் மதிப்பெண்களை ஏற்றுவது பெரும்பாலும் பல்கலைக்கழகம்தான். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தேர்வுப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உண்மையான தலைவலி இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருக்கும். மார்க் ஷீட்டில் முன்னால் ஓர் எழுத்து இருக்கும். நமக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு அப்படியில்லை. பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் பொருந்தாவிட்டால் பல்கலைக்கழகம் ஏற்றிய கிரெடிட் உங்கள் கணக்கில் வந்து சேராமல் போகலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

ஐடி வந்ததும் உள்ளே பார்த்தால் பலருக்குப் பூஜ்யம்தான் தெரியும். மாணவர் தானாக எதையும் ஏற்ற முடியாது. நிறுவனம் ஏற்றினால்தான் உண்டு. அரியர் வைத்த தாளுக்கு, அதை எழுதித் தேறும்வரை கிரெடிட் கிடையாது. ரிசல்ட் வந்து பல வாரமாகியும் கணக்கு காலியாக இருந்தால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

கிரெடிட் ஏறிவிட்டாலும் புதிய இடம் அத்தனையையும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்குள் பாடத்திட்டம் ஒன்றே. அங்கே காலியிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரியிலிருந்து மாறினால், அல்லது தன்னாட்சிக் கல்லூரிக்கு மாறினால் கதையே வேறு. தாளின் தலைப்பு ஒன்றாக இருக்கும், உள்ளே யூனிட்டுகள் மாறியிருக்கும். கலை அறிவியல் படிப்பில் பகுதி 1 மொழித்தாள் எத்தனை செமஸ்டர் என்பதும் இடத்துக்கு இடம் வேறுபடலாம். ஆகவே இரண்டு சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபடும் தாள்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம். நான்கைத் தாண்டினால், நடப்பு செமஸ்டரின் மேல் கிட்டத்தட்ட இன்னொரு செமஸ்டரைத் தூக்கிச் சுமப்பதாகிவிடும். நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இன்னொரு விதியும் உண்டு. பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது 50 சதவீதக் கிரெடிட் பெற்றிருக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் நான்கு செமஸ்டர் முடித்துவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் இந்தக் கணக்கு இடிக்கும். மாறுவதென்றால் முதல் ஆண்டு முடிவில் மாறுவதே புத்திசாலித்தனம். கிரெடிட்டின் ஆயுள் அதிகபட்சம் 7 ஆண்டு. இடையில் நின்று பிறகு தொடர நினைப்பவர்களுக்கு இது நல்ல வசதி.

சேவைக்கு வெளியே இருக்கும் வேலைதான் அதிகம். காலியிடம், இரு கல்லூரிகளின் தடையில்லாச் சான்று, டிசி எல்லாமே காகிதத்தில் நடப்பவை. புதிய இடம் எழுத்தில் உறுதியாகும் முன் டிசி வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் பழைய சீட்டும் இல்லை. கவுன்சலிங் ஒதுக்கீட்டில் வந்தவர்கள், முதல் பட்டதாரிச் சலுகை மாறிய பிறகும் தொடருமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

சேர்ந்த சில வாரங்களிலேயே மனம் வெறுத்துவிட்டதா? அப்போது மாற்றத்தைவிட விலகுவது மலிவு. யுஜிசியின் 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கும் முன்பே விலகினால் சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுத் தொகையும், 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதமும் திரும்பும். தேதி கடந்து 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50 சதவீதம். பிறகு ஒன்றும் வராது. 2024-25 கல்வியாண்டுக்கு செப்டம்பர் 30 வரை முழுத் தொகையும் திருப்பித் தரச் சொல்லியிருந்தது. அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்க முடியாது. மறுத்தால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் கொடுக்கலாம்.

பிரச்சினை ஹாஸ்டல் சாப்பாடோ அறைத் தோழரோ என்றால் ஏபிசி பக்கமே போக வேண்டாம், வெளியே அறை பாருங்கள். பாடம் நடத்துவது சரியில்லை என்றால், செமஸ்டர் தாள்களில் 40 சதவீதம் வரை அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்க யுஜிசி அனுமதிக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பாடப்பிரிவே பிடிக்கவில்லை என்றால், சேர்த்த கிரெடிட்டில் பெரும்பகுதி புதிய படிப்பில் செல்லாது. அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

எங்கள் மதிப்பீடு: ஐந்துக்கு மூன்று. பல்கலைக்கழகங்கள் நேரத்துக்கு ஏற்றினால் நான்கு கொடுப்போம்.