ப்ரொங்க்ஹோர்ஸ்ட்டில் தங்குவதற்கு வீடு தேடுகிறவர்கள் படிக்கவும்: எனக்கு 640 யூரோ போய்விட்டது

நேற்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. இன்னொரு குடும்பம் மாட்டக் கூடாது என்பதற்காக இப்போதே எழுதுகிறேன். போனது 640 யூரோ.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் எல்லாரும் போகிற இடம் வேண்டாம் என்று ப்ரொங்க்ஹோர்ஸ்ட்டைப் பிடித்தேன். கெல்டர்லாந்தில், ஐசெல் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1482-லேயே நகர உரிமை வாங்கிய ஊர், இன்றைக்கும் 200 பேர்கூடக் கிடையாது. 1344-ல் கட்டிய சின்னத் தேவாலயம், கல் பாவிய சில தெருக்கள், பழைய பண்ணை வீடுகள், கோட்டை இருந்த இடத்தில் ஒரு மண்மேடு. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க வேண்டியிருக்காது.

விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு தளத்தில் வீடு பார்த்தேன். செங்கல் சுவர், பச்சை ஜன்னல் கதவுகள். விசாரிக்கும்போது அம்மாவின் கால் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு விளம்பரம் போட்ட ஆள் எழுதிய பதில்: "படுக்கையறை கீழேயே இருக்கிறது. குளியலறையில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்."

அங்கேதான் நம்பினேன். முன்பின் தெரியாத அம்மாவுக்காக இவ்வளவு யோசிக்கிறவர் ஏமாற்றுவாரா என்று தோன்றியது.

அப்புறம்தான், தளம் கமிஷன் எடுக்கிறது, நேராக வங்கிக்கு அனுப்பினால் குறைத்துத் தருகிறேன் என்றார். கணக்கு எண் நெதர்லாந்துக்குரிய என்எல் (NL) என்று தொடங்கவில்லை, லிதுவேனியாவுக்குரிய எல்டி (LT) என்று இருந்தது. கேட்டேன். "வெளிநாட்டில் வேலை, அதனால் அந்தக் கணக்கு" என்றார். மூன்று இரவுக்கும் முன்பணத்துக்கும் சேர்த்து 640 யூரோ அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை ப்ரம்மென் என்ற ஊர்ப் பக்கமாகப் போய், காரோடு படகில் ஏறி ஆற்றைக் கடந்தோம். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். வீடும் இருந்தது, அதே பச்சைக் கதவுகள். சாவி இருக்கும் என்று அவர் சொன்ன பெட்டிதான் இல்லை. அதைத் திறக்க அவர் அனுப்பிய நான்கு இலக்க எண்ணை வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன், அப்பா குனிந்து பூந்தொட்டிகளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவுகிறார். கதவைத் திறந்தது ஒரு வயதான அம்மாள். "இது என் வீடு, நான் வாடகைக்கு விடுவதே இல்லை. இந்த மாதம் இப்படி வந்து நிற்பது நீங்கள் இரண்டாவது" என்றார். அம்மா நிற்க முடியாமல் சுவரைப் பிடித்திருந்ததைப் பார்த்து, உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

திரும்பி வரும்போது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "நம்ம பணத்துக்கு எவ்வளவுப்பா?" அறுபதாயிரத்துக்கு மேல் என்று சொல்ல வாய் வரவில்லை.

தளத்துக்கு எழுதினேன். "பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் எதுவும் செய்ய முடியாது." விளம்பரம் உங்களுடையதுதானே, அதை நம்பித்தானே போனேன் என்று கேட்டேன். அதே வரிகளை வேறு ஒரு பெயரில் ஒட்டி அனுப்பினார்கள். மூன்றாவது முறை பதிலே இல்லை, புகார் முடிக்கப்பட்டது என்று மட்டும் வந்தது. வங்கியில் 40 நிமிடம் காத்திருந்தேன். "நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம்" என்றார்கள். 640 யூரோ அவர்களுக்குக் கணக்குப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவே. போலீஸில் புகார் பதிந்திருக்கிறேன், எண் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். கணக்கு எந்த நாட்டுடையது என்று முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள். டச்சுப் போலீஸ் தளத்தில் விற்பவரின் கணக்கு எண்ணைப் போட்டுத் தேடலாம், அனுப்பும் முன் தேடுங்கள். முடிந்தால் கிரெடிட் கார்டு.

இதை எழுதும்போது மறுபடி போய்ப் பார்த்தேன். விளம்பரம் அப்படியே இருக்கிறது. அடுத்த சனி, ஞாயிறு காலி என்று காட்டுகிறது.