கூடைப்பந்து: விடுமுறை முகாமா, புளோக் கீழே சனிக்கிழமைப் பயிற்சியா?

நவம்பர் விடுமுறை நெருங்கிவிட்டது. போன வாரம் மட்டும் மூன்று அம்மாக்கள் என்னைப் பிடித்து நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “உங்க பையன் போனானே அந்தக் கூடைப்பந்து முகாம், எங்க பிள்ளையையும் அனுப்பலாமாக்கா? நாலு இனத்துப் பிள்ளைகளோடயும் பழகட்டும்னு பார்க்கிறேன்.” நின்றபடியே சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

இரண்டையும் நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். மகன் தொடக்கநிலை மூன்றில் இருந்தபோது ஒரு தனியார் பயிற்சிக் கழகத்தின் மூன்று நாள் முகாம். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் திடலில் குடியிருப்பாளர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சனிக்கிழமைப் பயிற்சி. இப்போது அவன் தொடக்கநிலை ஐந்து. என் சாய்வு சனிக்கிழமைப் பக்கம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அவனை ஆட்டக்காரனாக்கும் ஆசையில் இதைத் தொடங்கவில்லை. எட்டாவது பிறந்தநாளுக்கு யாரையெல்லாம் கூப்பிடலாம் என்று கேட்டேன். ஐந்து பெயர் சொன்னான். ஐந்தும் தமிழ் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள். பள்ளியில் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள். ஆனால் தாய்மொழிப் பாடவேளை வந்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு தனித்தனி வகுப்பறைக்குப் பிரிகிறார்கள். ஓய்வு நேரத்தில் உணவகத்திலும் அதே கூட்டமாகத்தான் உட்காருகிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் சுருக்கென்றது. தமிழ் வகுப்பு வேண்டாம் என்றா சொல்ல முடியும்? வேறு எங்காவது வழி பார்க்க வேண்டியதுதான்.

பள்ளியின் இணைப்பாட நடவடிக்கையில் கூடைப்பந்து கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் பள்ளி அணி என்றால் தேர்வும் போட்டியும் இருக்கும், புதிதாகப் பந்தைத் தொடுகிற பிள்ளைக்கு இடம் கிடைப்பது சிரமம். ஜூலையில் இன நல்லிணக்க நாளை ஒட்டி நடக்கும் ஒருநாள் பயிற்சிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. புகைப்படம் நன்றாக வரும்.

சரி, முகாம். உள்ளரங்கம், மரத்தரை, குளிர்சாதனம். மூன்று நாள் காலைக்கு 280 வெள்ளி, சட்டை ஒன்று இலவசம். விளம்பரத்தில் சொன்னது பொய்யில்லை: கொரியா, ஜப்பான், பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று அனைத்துலகப் பள்ளிப் பிள்ளைகள் நிறைய, நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. பயிற்றுவிப்பாளர்கள் கெட்டிக்காரர்கள். ஓடிவந்து இரண்டு எட்டு வைத்துக் கூடைக்குப் பக்கத்தில் எழும்பிப் போடுகிற ‘லே-அப்’ அவனுக்கு அந்த மூன்று நாளில் படிந்துவிட்டது. ஆட்டத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் இதற்கு மேல் நான் பேச மாட்டேன், முகாமுக்கே அனுப்புங்கள்.

பழகுவது வேறு கதை. முதல் நாள் “ஜோடி சேர்ந்துகொள்ளுங்கள்” என்றார்கள். வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளித் தோழர்களோடு சேர்ந்தே பதிந்திருந்தவர்கள். அவர்கள் நொடியில் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். என் மகனும் இன்னொரு பையனும் மிச்சம். அந்தப் பையன் கொரியன். மிச்சப்பட்டதே நல்லதாகப் போயிற்று. மூன்றாம் நாள் முடிவில் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். அவனுடைய அம்மாவின் கைப்பேசி எண்ணை மகன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். அவர்கள் வீடு தஞ்சோங் காத்தோங் பக்கம். ஈசூனிலிருந்து ரயில் மாறிப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். முதல் தடவை அவர்களுக்குப் பியானோ வகுப்பு. இரண்டாவது தடவை எங்களுக்குத் துணைப்பாடம். மூன்றாவது தடவை நாள் குறித்தாயிற்று, அவனுக்குக் காய்ச்சல். நான்காவது முறை செய்தி அனுப்ப எனக்கே கூச்சமாக இருந்தது. அடுத்த ஜூனில் அந்தக் குடும்பம் கொரியாவின் சோலுக்குத் திரும்பிப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. மகன் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தான், அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டான்.

சனிக்கிழமைப் பயிற்சியைப் பார்த்தால் முதலில் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். சிமெண்டுத் தரை, ஒரு கூடைக்கு வலை கிடையாது, மழை வந்தால் கீழ்த்தளத்தில் ஒதுங்கி நின்று பந்தைச் சும்மா தட்ட வேண்டியதுதான். கற்றுக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற ஒரு சீனப் பெரியவர். பிள்ளைகளுக்கு அவர் ‘கோச் அங்கிள்’. பழைய காலத்து முறை. பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். பத்து வாரத்துக்கு 40 வெள்ளி, அதுவும் பந்துக்கும் தண்ணீருக்கும். பதினைந்து பிள்ளைகள், எல்லோரும் சுற்றியுள்ள நாலைந்து புளோக்.

நாலைந்து புளோக் என்றாலே கலவை தானாக வந்துவிடுகிறது. 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு உண்டு என்பது நமக்குத் தெரிந்ததே. வீடு விற்கும்போது அந்த வரம்பைத் திட்டாதவர்கள் குறைவு. எங்கள் மாமாவும் திட்டியிருக்கிறார். ஆனால் அதன் புண்ணியத்தில் எங்கள் லிஃப்டில் மலாய்க் குடும்பமும் சீனக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் தினமும் ஒன்றாக ஏறி இறங்குகிறோம். பேசிக்கொள்வோமா என்றால், மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஏழாம் மாடிப் பையனை மகன் நாலு வருடமாக லிஃப்டில் பார்த்திருக்கிறான், அவன் பெயர் தெரியாது. அவன் பயிற்சிக்கு வரத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் தெரிந்தது.

என் தீர்ப்பை முடிவு செய்தது இந்த ஒரே விஷயம்தான்: பயிற்சி முடிந்தபின், பெரியவர்கள் யாரும் கூட்டிப் போகாமல், பிள்ளைகள் தாங்களாக மறுபடி சந்திக்க முடியுமா? எட்டு ஒன்பது வயதில் நட்பு என்பது அடிக்கடி பார்ப்பதில்தான் வளர்கிறது. அம்மா இருவர் நாள்காட்டியைப் பார்த்து ஏற்பாடு செய்கிற சந்திப்பில் அது வளர்வதை நான் பார்த்ததில்லை. புதன்கிழமை மாலை ஆறரைக்கு அழைப்புமணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் ஏழாம் மாடிப் பையன், காலில் செருப்பு, கக்கத்தில் பந்து. “ஆன்ட்டி, அவன் வீட்டுப்பாடம் முடிச்சிட்டானா?” முடிக்கவில்லை. இருபது நிமிடம் எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். முறுக்குக் கொடுத்தேன். அதிலிருந்து அவனுக்கு முறுக்கு என்றால் எங்கள் வீடு.

நோன்பு மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்து மணி, நல்ல புழுக்கம். ஏழாம் மாடிப் பையனும் இன்னொருவனும் நோன்பு. கோச் அங்கிள் அவர்கள் இருவரையும் ஓட விடாமல் விசிலையும் புள்ளி எழுதும் அட்டையையும் கையில் கொடுத்துவிட்டார். இடைவேளையில் என் மகன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனான். நான்கூடக் கால் கழுவப் போகிறான் என்று நினைத்தேன். முதுகைத் திருப்பி நின்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று இரவு ஏழரைக்கு மேல் ஏழாம் மாடியிலிருந்து ஒரு தட்டு குவே, மலாய்ப் பலகாரம், வந்தது. அந்த அம்மாவை ‘மக்சிக்’ (மலாயில் ஆன்ட்டி) என்று மகன் கூப்பிடுவதை முதல்முறையாகக் கேட்டேன்.

வெவ்வேறு தரப்புப் பிள்ளைகளைப் பழக வைக்கிற இந்த வேலையை உலகத்தில் செய்கிறவர்கள் முகாமாகத்தானே நடத்துகிறார்கள் என்று என் கணவர் வாதாடினார். அவர் கோயம்புத்தூரில் படித்தவர், அங்கே நடக்கும் பி.எஸ்.ஜி. கோப்பைக் கூடைப்பந்துப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர், கூடைப்பந்து என்றால் விட மாட்டார். அவர் சொன்னது உண்மைதான். யூகோஸ்லாவியா போரில் சிதறியபின், அந்நாட்டு அணியில் ஒன்றாக ஆடிய விளாடே டிவாச்சும் டோனி குகோச்சும் 2001இல் இத்தாலியின் ட்ரெவீசோவில் அந்தப் பகுதிப் பிள்ளைகளை ஒன்றுகூட்டி முகாம் நடத்தினார்கள். அதே ஆண்டு தொடங்கிய பீஸ்பிளேயர்ஸ் அமைப்பு தென்னாப்பிரிக்காவிலும் வட அயர்லாந்திலும் கூடைப்பந்தை வைத்தே பிள்ளைகளைச் சேர்க்கிறது. ஆனால் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கப் பிள்ளையும் புராட்டஸ்டண்டு பிள்ளையும் பெரும்பாலும் வேறு தெரு, வேறு பள்ளி. அவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்தால்தான் ஒரே கூடைக்குக் கீழே நிற்பார்கள். இங்கே ஒரே லிஃப்டில் நிற்கிறார்கள். அவர்களுக்கான மருந்து நமக்கு எதற்கு?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அங்கே கூடைப்பந்து எந்தத் தரப்புக்கும் சொந்தமில்லாத ஆட்டம் என்பதால் வசதி. இங்கே அப்படியில்லை. “இது சீனப் பிள்ளைங்க ஆட்டமாச்சே, நம்ம பையனுக்குப் பந்து கிடைக்குமா?” என்று என் அம்மா முதல் நாளே கேட்டார். கேள்வி தப்பில்லை. நாங்கள் ஒரு நாள் முயன்று பார்க்கப் போன வேறொரு பயிற்சிக் கழகத்தில் பாதி வகுப்பு மாண்டரினில் ஓடியது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பழக்கம்தான். என் மகன் மற்றவர்கள் திரும்பும்போது திரும்பினான். இரண்டாம் முறை போகவில்லை.

சனிக்கிழமைப் பயிற்சியில் இதைச் சமாளித்தது மூன்றுக்கு மூன்று ஆட்டம். அரைத் திடல், ஒரே கூடை, பத்து நிமிடம் அல்லது முதலில் 21 புள்ளி. உலகப் போட்டியாக அது முதலில் அரங்கேறியதே நம் ஊரில்தான், 2010 இளையர் ஒலிம்பிக்கில். தோக்கியோவில் பெரிய ஒலிம்பிக்குக்கும் போனது. அது தோக்கியோவுக்குப் போன காலத்து விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று: ஆட்டம் நடக்கும்போது பயிற்றுவிப்பாளர் வெளியிலிருந்து வழி சொல்லக்கூடாது. கோச் அங்கிள் இதைக் கறாராகப் பின்பற்றுவார், வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் தங்களுக்குள் கத்தித்தான் ஆக வேண்டும். மூன்று பேரில் ஒருவனுக்குப் பந்து தராமல் இரண்டு பேர் மட்டும் ஆடி ஜெயிக்கவும் முடியாது. ஐவர் அணியில் ஒருவனை ஓரமாக நிறுத்திவிடலாம், இதில் முடியாது.

எந்தப் பயிற்சியானாலும் முதலில் நேரத்தைக் கேளுங்கள். எங்களுடையது தொடக்கத்தில் ஞாயிறு காலை ஒன்பதுக்கு இருந்தது. மலாய்ப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. ஆர்வமில்லை போலும் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அந்த நேரத்தில் அவர்களுக்குச் சமய வகுப்பு என்பது மக்சிக் சொல்லித்தான் தெரிந்தது. தேவாலயம் போகும் பிள்ளைகளுக்கும் அதே சிக்கல். சனி மாலைக்கு மாற்றினோம், ஆறு பேர் புதிதாக வந்தார்கள்.

எனக்கு அவ்வளவாகக் கைகண்ட அனுபவம் இல்லாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகள் எங்கள் பதினைந்தில் மூன்று பேர்தான். என் மகள் இதுவரை நாலு வாரம் போயிருக்கிறாள், அதை வைத்துப் பேசுவது நியாயமில்லை. உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே ரயிலேறிப் போவார்கள், அவர்களுக்கு என் தூரக்கணக்குப் பொருந்தாமல் போகலாம். கொண்டோ என்கிற தனியார் அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு அக்கம்பக்கக் கலவையே வேறு. பிள்ளைக்கு உண்மையாகவே திறமை இருக்கிறது என்றால் மரத்தரை வேண்டும், நல்ல பயிற்றுவிப்பாளர் வேண்டும். அங்கே முகாமும் கழகமும்தான். நாங்களும் இந்த நவம்பரில் மகனையும் ஏழாம் மாடிப் பையனையும் சேர்த்தே ஒரு முகாமுக்கு அனுப்புகிறோம். மக்சிக்கிடம் பேசிவிட்டேன், போக ரயிலில் அவர், வர நான்.

சனிக்கிழமைப் பயிற்சிக்குச் சேர்க்கிறவர்கள் பந்து வாங்கும்போது மட்டும் கவனம். ஐந்தாம் எண் ரப்பர் பந்து போதும். சிமெண்டுத் தரையில் தோல் பந்து தாங்காது, எங்களுடையது இரண்டு மாதத்தில் உரிந்துவிட்டது. புது ரப்பர் பந்தில் மகன் தன் பெயரை எழுதவில்லை, எங்கள் வீட்டு எண்ணை எழுதினான். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வீட்டு எண்கள் சேர்ந்திருக்கின்றன. இந்த வாரம் பந்து ஏழாம் மாடியில் இருக்கிறது.